நெய்வேலிச் சுரங்கமும் தலைமைக் கல்வியும்

நம் கல்லூரியிற் புதிதாகச் சேரும் மாணாக்கரிடம், “பட்டம் பெற்றபின் யாது செய்யக் கருதியிருக்கிறீர்?” என்று முதல் வாரத்தில் வினவுவது எமது வழக்கம். உத்தியோகம் என்பார் சிலர். மேற்படிப்பு என்பார் சிலர். தந்தையார் நடத்தும் கடையைப் பார்த்துக்கொள்வோம் என்று நாணத்துடன் சொல்வாரும் உளர். இரண்டாண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, யான் ஒரு தலைவனாக விரும்புகிறேன்” என்றார். “எதற்குத் தலைவன்?” என்றோம். அவருக்கு விடை தோன்றவில்லை. வகுப்பு நகைத்தது, அவர் அமர்ந்துவிட்டார். அந்நகைப்பு அவருக்கு உரியதன்று, அவ்வினாவுக்கு விடை தேடும் வழியைக் கற்பிக்காத நமக்கே உரியது என்று அன்று மாலை எமக்குத் தோன்றிற்று.

தலைமை என்பது மேடையேறி நாவன்மையுடன் பேசுதலே என்று நம் மாணாக்கருட் பலர் எண்ணுகின்றனர். பேச்சுப் போட்டியும், மாணவர் சங்கத் தேர்தலும், விளையாட்டுக் குழுவை நடத்துதலும் அதற்குரிய பயிற்சிகள் என்பது அவர்தம் கொள்கை. இவை பயனற்றவை என்று யாம் சொல்லோம். ஆயினும், ஒரு பெருங்காரியத்தை முன்னின்று நடத்துவோனுக்குத் தன் துறைக்குப் புறம்பான வினாக்கள் நாள்தோறும் எதிர்ப்படும். அவற்றையெல்லாம் அவன் தானே விடுவிக்க வேண்டுவதில்லை. அங்கே ஒரு வினா இருக்கின்றது என்பதை அவன் உணர்தல் வேண்டும். அதனை எவரிடம் கேட்பது என்று அறிதல் வேண்டும். பெற்ற விடை தன் விடையோடு முரணுமாயின் இரண்டையும் ஒருங்கு நிறுத்தி நோக்கும் பொறுமையும் வேண்டும். இவ்வாற்றல் ஒரே சாஸ்திரத்தை மட்டும் ஆழக் கற்றலால் வருவதன்று. பல கலைகளையும் மேலெழுந்தவாரியாகக் கேட்டலாலும் வருவதன்று.

நம் தேசத்துக் கல்வியாளர் இதனை அறியாதவரல்லர். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், விஞ்ஞானம் பயில்வார் இலக்கியத்தையும் சமுதாய நூல்களையும், இலக்கியம் பயில்வார் விஞ்ஞானத்தையும் ஓரளவேனும் அறிதல் வேண்டும் என்று பொதுக்கல்வியை வற்புறுத்திற்று. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையும் பல துறைகள் கூடிய படிப்பையே பேசுகின்றது. இரண்டுக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கொள்கையில் எழுதியது வகுப்பறைக்குள் இறங்குவதற்கு இத்துணைக் காலம் பிடிக்குமாயின், நாம் கொள்கையை நோக்கிக் காத்திராமல் நம் மாவட்டங்களிலேயே கண்ணெதிரே கிடக்கும் பாடங்களைத் திறப்பது நலம். அத்தகைய பாடம் ஒன்று கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியில் உளது.

நெய்வேலியின் கதையை மாணாக்கர் பலரும் செவிவழி அறிந்திருப்பர். 1930-களின் இடையில், அவ்வூர்ப் பகுதியில் நிலக்கிழாராயிருந்த ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் குழாய்க்கிணறு தோண்டியபொழுது, மண்ணோடு பழுப்பும் கருமையும் கலந்த ஒரு பொருள் மேலே வந்தது. பிறர் சேறென்று ஒதுக்கியிருப்பர். அவரோ அதனை அரசாங்கத்தாரின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பிற்காலத்தில் தம் நிலத்தில் 620 ஏக்கரைச் சுரங்கத்துக்கென அளித்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்தனர். அதன்பின் எச். கே. கோஷ் என்னும் சுரங்கத் துறையினர் பொறுப்பில் மேலும் பல துளைகள் இடப்பட்டன. ஏறத்தாழ 100 சதுரமைல் பரப்பில் 200 கோடி டன் லிக்னைட், அஃதாவது பழுப்பு நிலக்கரி, உளதென்று மதிப்பிடப்பட்டது. அக்காலச் சென்னை இராஜ்யத்தின் ஆலைகளுக்கும் இரயில்களுக்கும் வேண்டிய கரி வங்காளம், பீகார் முதலிய தொலைப் பிரதேசங்களிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆதலின் இச்செய்தி எத்துணை ஆர்வத்தை எழுப்பியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் நிலத்தடியில் பொருள் இருத்தல் வேறு, அதனை எடுத்தல் வேறு. ஈண்டுதான் எம் பாடம் தொடங்குகிறது.

நெய்வேலியில் லிக்னைட் படுகைக்கு மேல் ஏறத்தாழ 150 முதல் 300 அடிவரை மண்ணும் கடினமான மணற்கல்லும் மூடிக் கிடக்கின்றன. அம்மணற்கல்லில் மோதி எந்திரங்களின் பற்கள் விரைவில் தேய்ந்தன. அது பொறியாளர் கவலை. அதனினும் பெரிய கவலை லிக்னைட்டுக்குக் கீழே இருந்தது. அங்குள்ள மணற்படுகைகளில் நீர் அடைபட்டு நிற்கின்றது. நின்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 6 முதல் 8 கிலோகிராம் வரையான அழுத்தத்துடன் மேல் நோக்கி உந்துகின்றது. கொதிக்கும் பானையின் மூடிமேல் கல் வைத்திருக்கும்வரை மூடி அசையாது. கல்லை எடுத்துவிட்டால்? மேல்மண்ணை அகற்றுவது அக்கல்லை எடுப்பதே. குழி ஆழமாகி மேற்சுமை குறைந்தவுடன் கீழுள்ள நீர் லிக்னைட்டைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தையே ஏரியாக்கிவிடும்.

இது மண்வெட்டும் எந்திரத்தின் வலிமையால் தீரும் பிரச்சினையன்று. புவியியலார் படுகைகளின் கிடக்கையைச் சொல்லவேண்டும். நீரோட்டக் கணக்கர் எத்தனை கிணறு, எத்துணைத் தூரத்தில், எவ்வளவு இறைக்கவேண்டும் என்று கணக்கிடவேண்டும். பொறியாளர் பம்புகளை அமைக்கவேண்டும். இறைத்த நீருக்குச் செலவும் வரவும் எழுதப் பொருளாதாரம் அறிந்தவர் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டி, சுற்றிலும் கிணறுகளிட்டு இறைத்து, அழுத்தத்தைத் தணித்தால் சுரங்கம் நிலைக்கும் என்று கண்டனர். நீரை முற்றும் வற்றச்செய்வதன்று, அதன் உந்துதலைக் குறைப்பதே உபாயம். பவல் டப்ரின் என்னும் ஆங்கில நாட்டு நிறுவனத்தார் ஆராய்ந்து, இத்தொழில் நடைபெறக் கூடியதே என்று அறிக்கை தந்தனர். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மண்வாரும் சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்தும், மின்னிலையம் சோவியத் நாட்டின் உதவியாலும் வந்தன. 1961 ஆகஸ்டில் லிக்னைட் முதன்முதல் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் 50 மெகாவாட் ஆற்றலுள்ள முதல் மின்னாக்கி ஓடிற்று. உலகம் இரண்டு கட்சிகளாய்ப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த அக்காலத்தில், ஒரே குழியின் கரையில் இருகட்சி நாட்டுப் பொறியாளரும் வேலைசெய்தனர் என்பது சரித்திர மாணாக்கர் கருதத்தக்கது.

நீர் தேடியவருக்குக் கரி கிடைத்தது. கரி தேடியவருக்கு நீர் எதிர்நின்றது. நெய்வேலியின் அறிவு வரலாறு முழுவதும் இவ்விரண்டு வாக்கியங்களுள் அடங்கும் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

தொடக்கக் காலத்தில் இந்நிறுவனத்தை நடத்திய டி. எம். எஸ். மணி என்பார் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர், ஆட்சிப் பணியிலிருந்து வந்தவர். நிலவரி, சட்டம், நீதி விசாரணை, பஞ்ச நிவாரணம் எனப் பலவற்றையும் பார்க்கும்படி பயிற்றப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்த ஐ.சி.எஸ். முறையில் அந்நியர் ஆட்சியின் செருக்கும் கலந்திருந்தது. அதனை மீட்டும் கொணரவேண்டும் என்பது எம் கருத்தன்று. பல துறை நிபுணர் பேசுவதை ஒரே மேசையிலமர்ந்து கேட்டு, ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவரிடம் கேட்கும் பழக்கம் அப்பயிற்சியால் வந்தது என்பதையே குறிக்கிறோம்.

இனி எம் அனுபவத்துக்கு வருவோம். மேற்சொன்ன மாணவர் விடையின்றி அமர்ந்த ஆண்டிலேயே, எட்டுத் துறைகளிலிருந்து எட்டு மாணாக்கரைத் தேர்ந்து நெய்வேலிக்கு அழைத்துச் சென்றோம். அவ்வாண்டு யாம் செய்த பிழையை மறைக்காமல் கூறிவிடுகிறோம். இரசாயன மாணவர் லிக்னைட்டின் குணங்களை எழுதுக, பொருளாதார மாணவி வரவுசெலவை எழுதுக, தாவரநூல் மாணவி மரங்களை எழுதுக என்று அவரவர்க்கு உரியதையே அவரவர்க்குப் பங்கிட்டோம். எட்டுக் கட்டுரைகள் வந்தன. எட்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றை ஒருங்கே வைத்துப் படித்தபொழுது, எட்டு ஊர்களைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. ஒருவர் கட்டுரையில் எழுந்த ஐயத்துக்கு மற்றவர் கட்டுரையில் விடை இருந்தும், இருவரும் அதனை அறியவில்லை. பேருந்தில் அருகருகே அமர்ந்து வந்தவர்கள் அவர்கள்.

சென்ற ஜனவரியில் முறையை மாற்றினோம். எட்டுப் பேரை நான்கு இணைகளாக்கி, ஒவ்வொருவரும் தம் இணையின் துறையைப் பற்றி எழுதவேண்டும், இணையானவர் அதனைத் திருத்தவேண்டும் என்று விதித்தோம். இரசாயனம் பயில்வார் விலைக் கணக்கையும், பொருளாதாரம் பயில்வார் லிக்னைட்டின் குணத்தையும் எழுதவேண்டியதாயிற்று. முதல் நாளே முணுமுணுப்பு எழுந்தது. “ஐயா, எனக்குத் தெரியாததை நான் எப்படி எழுதுவது?” என்றார் ஒருவர். “தெரிந்தவர் உம் பக்கத்திலேயே இருக்கிறார், கேளும்” என்றோம்.

இதனால் விளைந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரித்துரைப்பது தகும். சுரங்கத்தின் விளிம்பிலுள்ள மேடையில் நின்று, சக்கர எந்திரம் தன் வாளிகளால் மண்ணை வாரி நகரும் பட்டையில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொருளாதார மாணவி ஒரு நல்ல வினாவை எழுப்பினார்: மின்சாரமாக்கி அனுப்புவதை விட, லிக்னைட்டையே இரயிலேற்றிச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் விற்றால் அங்கங்கே ஆலைகள் தம் வசதிப்படி எரித்துக்கொள்ளலாமே, ஒரே இடத்தில் மின்னிலையம் கட்டுவானேன்? இரசாயன மாணவர் தயங்கித் தயங்கி விடை சொன்னார். வெட்டியெடுத்த லிக்னைட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். ஆதலின் இரண்டு வண்டி ஏற்றினால் ஒரு வண்டி நீருக்கே கூலி கொடுத்ததாகும். எரித்தாலும் நல்ல நிலக்கரி தரும் வெப்பத்தில் பாதிகூடத் தராது. காற்றில் உலர்ந்தால் பொடிந்துபோகும். குவித்து வைத்தால் தானே தீப்பற்றவும் கூடும். இதனாலன்றோ சுரங்கத்தின் வாயிலிலேயே மின்னிலையம் அமைந்தது! லிக்னைட்டை அழுத்திச் சூடேற்றிக் கட்டியாக்கி, ‘லெக்கோ’ என்னும் பெயரால் அடுப்புக்கரியாக விற்ற காலமும் உண்டு, அத்தொழில் நீடிக்கவில்லை. அம்மாணவி தம் குறிப்பேட்டில், “இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்குக் காரணம் அதன் ஈரம்” என்று எழுதினார். பொருளாதார நூலில் தொழிலிட நிர்ணயம் என்ற அத்தியாயத்தை மூன்று வாரம் கற்பித்தும் இத்தெளிவை யாம் உண்டாக்கியதில்லை.

தாவரநூல் மாணவிக்கும் சரித்திர மாணவருக்கும் நேர்ந்தது வேறு. லிக்னைட்டில் புதைந்த மகரந்தங்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, ஒரு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுள்ள அக்காட்டில் என்னென்ன மரங்கள் நின்றன என்று அறிஞர் கண்டிருக்கின்றனர். திண்டிவனத்துக்கு அணித்தாய திருவக்கரையிற் கல்லாய்க் கிடக்கும் மரங்களும், நெய்வேலியை மூடியுள்ள அதே கடலூர் மணற்கல் வகையிற் கிடப்பனவே. சரித்திரம் என்பது கல்வெட்டோடு தொடங்குவது என்று எண்ணியிருந்த மாணவர் சற்றுத் திகைத்தார். திகைத்தது நன்று.

பிற்பகலில் நகரியத்தைச் சுற்றிப் பார்த்தோம். வட்டம் வட்டமாகப் பிரித்து, அகன்ற சாலைகளும் நிழல்மரங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் அமைத்த ஊர் அது. பாரதத்தின் பல மாகாணத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, ஷிப்டுக்குச் செல்வோர் மிதிவண்டியும் மோட்டார் வண்டியுமாய் விரைவதைக் காண்பது மனத்துக்கு இனிமையே. ஆயினும் அழகிய சாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால், சென்ற முறை செய்த பிழையையே இம்முறையும் செய்தவராவோம். மந்தாரக்குப்பத்தைக் கடந்து, பலாவும் முந்திரியும் நின்ற ஒரு கிராமத்துக்குச் சென்றோம்.

அங்கே திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், நீரழுத்தத்தைத் தணிக்கும் முறையை நம் தமிழ் மாணவர் எளிய சொற்களில் விளக்கிக்கூற முயன்றார். அவருக்குக் கிடைத்த பணி அதுவே. பொறியாளர் சொல்லை ஊரார் சொல்லாக்குவது. பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பின், “தம்பி, நான் சிறுவனாக இருந்தபோது குழாயை இறக்கினால் தண்ணீர் தானே பொங்கி வரும். மோட்டார் வேண்டாம், ஏற்றம் வேண்டாம். இப்போது எவ்வளவு ஆழம் போகிறோம் என்று என் மகனைக் கேள். அழுத்தத்தைக் குறைத்தார்கள் என்கிறாயே, அது என் கிணற்றில் இருந்த அழுத்தந்தானே?” என்றார்.

எங்களில் ஒருவரும் பேசவில்லை. காலையில் யாம் உபாயம் என்று வியந்தது, மாலையில் அவர் திண்ணையிலிருந்து நோக்க ஓர் இழப்பாகத் தோன்றிற்று. உண்மையும் அதுவே. தென்னார்க்காட்டு நிலத்தில் ஒரு காலத்தில் தானே பொங்கிய ஆர்ட்டீசியன் கிணறுகள் பிற்காலத்தில் அடங்கிவிட்டன. சுரங்கம் இடைவிடாது இறைப்பது ஒரு காரணம்; உழவரே ஆயிரக்கணக்கில் ஆழ்குழாய் இறக்கி இறைத்தது மற்றொரு காரணம். இறைத்த நீரும் வீணே போய்விடவில்லை. மின்னிலையத்துக்கும் நகரியத்துக்கும் போக, எஞ்சியது வாய்க்கால் வழியே வாலாஜா ஏரிக்குச் சென்று கீழ்ப்புறத்து வயல்களுக்குப் பாய்கிறது. வறட்சிக் காலங்களில் சென்னைக்கும் நெய்வேலிப் பகுதி நீர் சென்றதுண்டு. எனவே மேட்டிலுள்ளவர் கிணற்றில் இழந்ததைத் தாழ்விலுள்ளவர் வாய்க்காலில் பெறுகிறார். இழந்தவரும் பெற்றவரும் ஒருவரல்லர். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி அதே மாவட்டத்தில் இன்றும் உளது. ஏரியின் நீரை மடைக்கு மடை பங்கிடும் முறையை அறிந்திருந்த நாடு இது. நிலத்தடி நீரை எவ்வாறு பங்கிடுவது என்பதை மட்டும் எவரும் முடிவு செய்யவில்லை. புவியியல் நூல் நீரின் கிடக்கையைச் சொல்லும். அது யாருடையது என்று சொல்லாது. சட்டநூல் உரிமையைப் பேசும். அழுத்தத்தின் கணக்கை அறியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் கிடக்கின்றது. தலைவர் என்று ஒருவர் வேண்டுமாயின் அப்பள்ளத்தின் கரையில்தான் அவர் வேண்டும்.

நிலத்தின் கதையும் இத்தன்மையதே. சுரங்கத்துக்காகக் கிராமங்கள் பல இடம்பெயர்ந்தன. ஏக்கருக்கு இவ்வளவு என்று தொகை எழுதினார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்ற எதிர்பார்ப்பும், அது நிறைவேறாத வருத்தமும் பல பத்தாண்டுகளாக அப்பக்கத்து அரசியலில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. 2023 ஜூலையில், பரவனாற்றை வேறு வழியிற் திருப்புதற்கான கால்வாய் வளையமாதேவியில் வெட்டப்பட்டபொழுது, கதிர் வாங்கும் பருவத்து நெற்பயிர் எந்திரத்தின் கீழ் மடிந்த காட்சியை நாடு முழுவதும் கண்டது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றனர் நிறுவனத்தார். சட்டத்தின்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பயிர் என்பது உழவனுக்கு வெறுஞ்சரக்கன்று. விளைந்துவரும் நெல்லை அழிக்கக் காண்பது பெற்ற குழந்தையின் நோயைக் காண்பதுபோல என்பதைத் தமிழ்நாட்டிற் பிறந்த எவருக்கும் விளக்கவேண்டுவதில்லை. அறுவடைவரை பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினாவை அன்று எல்லோரும் கேட்டனர். பரவனாற்றின் வெள்ளம் மழைக்காலத்துக்குமுன் திரும்பாவிடில் சுரங்கத்துக்கு ஆபத்து என்பது மறுபுறத்து விடை. இரண்டிலும் நியாயம் உண்டு. விதைக்குமுன் ஒருவர் மற்றவரிடம் பேசியிருந்தால் இவ்விரண்டு நியாயங்களும் வயலின் நடுவே மோதியிரா என்பதே எம் அபிப்பிராயம். பேசுவதற்குரிய மொழியை இருதரப்பாருக்கும் எந்தச் சர்வகலாசாலை கற்பித்தது?

எம் சகபோதகர் ஒருவர் இம்முயற்சியைப் பற்றி, “இவ்வாறு எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தால் மாணாக்கர் நுனிப்புல் மேய்வராவர்; ஒன்றிலும் வேர் இறங்காது” என்றார். அவர் கூற்றை யாம் எளிதாக ஒதுக்க மாட்டோம். நெய்வேலியின் நீரை அடக்கியவர் நுனிப்புல் மேய்ந்தவரல்லர். படுகைகளைப் பல ஆண்டுகள் ஆழ்ந்து கற்றவரே. ஆழமில்லாதவர்கள் பலர் கூடினால் அது பொதுக்கூட்டமாகும்; ஆராய்ச்சியாகாது. ஆதலின், தம் துறையில் இரண்டாண்டு உழைத்து அடிப்படை பெற்றபின்பே மாணாக்கரை இம்முறைக்கு உட்படுத்துவது நலம் என்று இப்பொழுது கருதுகிறோம். சென்ற ஜனவரியில் முதலாண்டு மாணவர் இருவரைச் சேர்த்திருந்தோம். தம் இணையாருக்குக் கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாமையால் இருவரும் பெரிதும் நாணினர். அவர்களை முன்கூட்டி அழைத்தது எம் அவசரம்.

மற்றொன்றும் கண்டோம். இணைக்குள் எழும் பிணக்கைத் தீர்ப்பதற்கு ஆசிரியர் விரைந்து புகுதல் ஆகாது. பௌதிகம் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் ‘ஆற்றல்’ என்ற சொல்லைப் பற்றி அரை மணிநேரம் வாதாடினர். ஒருவருக்கு அது அளக்கத்தக்கது. மற்றவருக்கு அது ஒருவரிடத்தே அமைந்த திறம். யாம் இடைபுகாமல் இருந்தமையால், தாம் ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைப் பேசுவதை அவர்களே கண்டனர். கிராமத்தாரும் நிறுவனத்தாரும் ‘இழப்பீடு’ என்ற சொல்லை அவ்வாறே இருபொருளிற் பேசுகின்றனரோ என்று அன்றிரவு அவர்களே கேட்டனர்.

இப்பயிற்சி இனிமேல்தான் மிகுதியும் வேண்டப்படும். 1962-இல் ஓடத் தொடங்கிப் பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்த நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்ந்தது. அதற்கு ஈடாக 1,000 மெகாவாட் கொண்ட புதிய நிலையம் எழுந்துள்ளது. நிறுவனமோ 2016-இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாற்றிக்கொண்டு, சூரிய ஒளியால் மின்சாரம் செய்யும் நிலையங்களையும் நிறுவி வருகின்றது. கரி எரித்தலால் காற்றிற் கலக்கும் கரியமிலவாயுவை 2070-ஆம் ஆண்டுக்குள் ஈடுசெய்து சமனாக்குவதாக நம் அரசாங்கம் 2021-இல் கிளாஸ்கோவில் உலக நாடுகள்முன் வாக்களித்திருக்கின்றது. இன்று வகுப்பில் இருக்கும் மாணாக்கரின் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் லிக்னைட் வெட்டுவது குறையவோ நிற்கவோ கூடும். நிற்கும்போது பம்புகளை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அடைபட்ட நீர் மீண்டும் எழும், குழிகள் நிறையும், பெரியவரின் பேரனுடைய கிணறு மீண்டும் பொங்குமோ என்னவோ. வாய்க்கால் நீரை நம்பி நெல் விதைக்கும் வாலாஜா ஏரிப் பாசனத்தார் அப்பொழுது எங்கே போவர்? நகரியத்தின் வட்டங்களில் யார் குடியிருப்பர்? மண்ணைக் கொட்டி மூடி மரம் நட்ட மேடுகளை உழவருக்குத் திருப்பித் தருவதாயின் அம்மண்ணில் எத்தனை ஆண்டிற் பயிர் விளையும்?

இவ்வினாக்களைச் சென்ற ஜனவரியில் திரும்பும் வழியில், விருத்தாசலத்தில் தேநீர் அருந்தும்பொழுது மாணாக்கர்முன் வைத்தோம். வெட்டிய குழிகளை மண்ணால் நிரப்பவேண்டும் என்றனர் நால்வர். நீர்நிலையாக விட்டுவிடவேண்டும் என்றனர் மூவர். எஞ்சியவர் ஒருவர். அவர் வேறு யாருமல்லர், இரண்டாண்டுகளுக்கு முன் தலைவனாக விரும்புகிறேன் என்று சொல்லி விடையின்றி அமர்ந்த மாணவரே. அவர் எப்பக்கமும் சேராமல், “நிரப்புவதற்கு வேண்டிய மண் எவ்வளவு, நீராக விட்டால் அதில் ஊறும் உப்பு எவ்வளவு, ஊரார் எதை விரும்புவர் என்ற மூன்றும் தெரியாமல் நாம் எப்படி வாக்கெடுப்பது?” என்றார். மூன்றையும் யார் யாரிடம் கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். பேருந்து புறப்படும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அத்தாளின் பிரதி எம்மிடம் இருக்கின்றது. வரும் ஜனவரியில் நெய்வேலிக்குச் செல்லும் குழு அதனையே கையிற்கொண்டு செல்லும். சேர விரும்பும் மூன்றாம் ஆண்டு மாணாக்கர் தம் துறைத் தலைவர் வழியாக எமக்கு எழுதலாம்.